படகுக்கு ஒரு குடம்

தண்ணீர் லாரி போன பிறகு குடங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று குறைந்தது. துடுப்புக்காரரின் மனைவி அதைத் தேடவெல்லாம் இல்லை. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் திரும்பி நின்றாள். தோளில் குடத்தோடு சரிவில் இறங்கிக்கொண்டிருந்த மனிதரின் முதுகு தெரிந்தது. "போறாரு பாரு, படகைக் குளிப்பாட்ட. கட்டின பொண்டாட்டி குளிச்சு எத்தனை நாளாச்சுன்னு கேக்க நாதியில்ல. மரத்துக்கு முதுகு தேச்சுவிடப் போறாரு" என்றாள். கேட்கப் பக்கத்தில் யாரும் இல்லை. அதனால் அவளுக்குக் குறையொன்றும் இல்லை, ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பேசிவிடுகிறவள்தான். துடுப்புக்காரர் காதிலும் அது விழத்தான் செய்தது. திரும்பிப் பார்த்தால் குடத்தைத் திருப்பிக் கேட்பாளோ என்று நடையை எட்டிப் போட்டார்.

முன்னால் ஏரி காய்ந்து கிடந்தது. மழைக்காலத்தில் மலைப்பக்கத்திலிருந்து ஆறு கொண்டுவந்து கொட்டும் தண்ணீர், இந்தக் கரையில் நின்றால் அந்தக் கரை தெரியாதபடி விரிந்து கிடக்கும். அப்போது அது மீன்காரர்களுடையது. மழை நின்றதும் கொஞ்சம் கொஞ்சமாக உள்வாங்கும். தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க, அதன் வாலைப் பிடித்துக்கொண்டே போய் வெள்ளரியும் தர்பூசணியும் ஊன்றுகிறவர்கள் வருவார்கள். அப்போது ஏரி அவர்களுடையது. வலை வீசின ஆட்களே அவர்களிடம் கூலிக்குக் களை பறிக்கப் போவார்கள். யாருக்கும் அதில் வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை. கோடை முற்றும்போது நட்டநடுவில் பழைய மடு என்று ஒரு பள்ளம், அதில் மட்டும் கொஞ்சம் சேறும் தண்ணீரும் மிஞ்சும்.

அந்த மடுவில்தான் படகுகளை மூழ்கடிப்பார்கள். வெளியூர் ஆட்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். படகு மிதக்க வேண்டிய சாமான், அதை எவனாவது தானே முக்குவானா என்று கேட்பார்கள். ஆனால் மரப் படகைக் கரையில் ஏற்றிவைத்து ஒரு கோடை வெயிலைக் காட்டினால் போதும், பலகை சுருங்கிச் சந்துவிட்டுப் போய்விடும். அதனால் தண்ணீர் இறங்கும்போதே மடுவுக்கு ஓட்டிக்கொண்டு போய், வயிறு நிறையச் சேற்றை அள்ளிப் போட்டு, படகைத் தண்ணீருக்கடியில் தூங்க வைத்துவிடுவார்கள். புதுத் தண்ணீர் வருகிறது என்று தெரிந்ததும் சேற்றை வாரிக் கொட்டித் தூக்குவார்கள். முக்கினவர்கள்தான் தூக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். வேறு ஆள் தூக்கினால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனாலும் யாரும் வேறு ஆளைக் கூப்பிட்டதில்லை.

துடுப்புக்காரரின் படகு அவருக்கு மட்டும் சொந்தமில்லை. பாதி அவருடையது, பாதி அவருடைய தங்கை புருஷனுடையது. பின்னால் நின்று படகைச் செலுத்துவது இவர், முன்னால் நின்று வலை வீசுவது அவர். அதனால் இவர் துடுப்புக்காரர், அவர் வலைக்காரர். சொந்தப் பெயர்கள் ஓட்டுப் போடுகிற அன்றைக்கு மட்டும் வெளியே வரும். தங்கையைக் கட்டிக்கொடுப்பதற்கு முன்பே இருவரும் கூட்டாளிகள். கட்டிக்கொடுத்த பிறகு மாப்ளே, மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டு சண்டை போட வசதியாகிவிட்டது. படகில் ஏறினதிலிருந்து இறங்குகிறவரை வாய் ஓயாது. இடப்பக்கம் போ என்பார் அவர், வலப்பக்கம்தான் மீன் கிடக்கிறது என்பார் இவர். மீன் கிடைக்காத நாளில் உன்னால்தான் என்று இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டு வருவது கரைவரை கேட்கும். இருவருடைய பிள்ளைகளும் பிழைப்பைத் தேடி வெவ்வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது இரண்டு வீடும் ஒரு படகும்.

இந்த வருஷம் கரைக்குப் பக்கத்திலேயே ஒரு புதுக் குழி வந்தது. சாலை போடுகிறவர்கள் இயந்திரத்தைக் கொண்டுவந்து இறக்கி, லாரி லாரியாக மண்ணை அள்ளிப்போன குழி. இரண்டு ஆள் ஆழம். படகை முக்குகிற நாள் வந்தபோது அதில் தண்ணீர் தளும்ப நின்றது. துடுப்புக்காரர் படகை அங்கே திருப்பினார்.

"மடுவுக்கே போயிடலாம் மச்சான். அது நமக்குப் பழகின இடம்" என்றார் வலைக்காரர்.

"பழகி என்ன கண்டோம்? போன வருஷம் நம்ம படகு மேலயே இன்னொருத்தன் படகைப் போட்டுப் பலகையை உடைச்சான். இங்க நாம மட்டும்தான். ஆழத்தைப் பாரு."

"ஆழம் இருக்கு. அடி எப்படின்னு தெரியலையே."

"தண்ணி நிக்குதா இல்லையா? கண்ணு தெரியுதா உனக்கு?"

"உன்கிட்ட பேசி ஜெயிச்சவன் எவன் இருக்கான்? போடு."

உடைந்த பலகை காரணமே இல்லை. அந்த வாரம் வலை வீசும்போது இருமல் வந்து வலைக்காரர் படகுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டதை, பின்னால் நின்ற இவர் பார்த்திருந்தார். மடுவில் முக்கினால் திரும்பி வரும்போது முழங்கால் சேற்றில் ஏரியின் பாதியை நடந்து கடக்க வேண்டும். உன்னால் நடக்க முடியாது மாப்ளே என்று சொன்னால் அவர் வீம்புக்கு ஏரி முழுவதையும் நடந்து காட்டுகிற ஆள். அதனால்தான் ஆழத்தைப் பாரு என்றார். குழியிலிருந்து கரைக்கு ஒரு நடைதான்.

மடுவின் அடியில் எத்தனையோ காலமாகப் படிந்த களிமண் இருக்கிறது, தண்ணீரை விடாது. இயந்திரம் அந்தக் களிமண்ணைத்தான் வாரிக்கொண்டு போயிருந்தது. புதுக் குழியின் அடியில் மிஞ்சியது வெறும் மணல். கோடை பாதிகூட ஆகவில்லை, சல்லடையில் ஊற்றியதுபோல் குழித் தண்ணீர் இறங்கிப் போய்விட்டது. படகு வாயைப் பிளந்துகொண்டு வெயிலில் கிடந்தது. உள்ளே போட்ட சேறு காய்ந்து கட்டிகட்டியாக வெடித்திருந்தது. அதைப் பார்த்த அன்றைக்குத் துடுப்புக்காரர் குழி விளிம்பில் தலையில் கையை வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தார்.

ஊரில் படகு தட்டுகிற தச்சர் வந்து, பலகைகளைத் தட்டிப் பார்த்துவிட்டு, இழுத்துக்கொண்டு போகிற எண்ணத்தையே விடச் சொன்னார். "கயிறு கட்டி இழுத்தீங்கன்னா கையோட வந்துரும். இருக்கிற இடத்துலயே ஈரமா வச்சிருங்க. சந்துதான விட்டிருக்கு, பலகை இன்னும் பிளக்கல. பிளக்காம இருந்தா தண்ணி வந்ததும் ஊதி மூடிக்கும். பிளந்துச்சுன்னா அடுப்புக்குத்தான்." புதுப் படகு செய்கிற வசதி இரண்டு வீட்டிலும் இல்லை என்பது அவருக்குத் தெரியும், அதனால் அதைப் பற்றி அவர் பேசவில்லை.

அன்றைக்குப் பிடித்தது இந்தக் குடம். உள்ளே கிடந்த சேற்றுக்கட்டிகளை வாரிக் கொட்டிவிட்டுப் படகின்மேல் சாக்குகளைப் பரப்பி, லாரித் தண்ணீரில் ஒரு குடம், பாத்திரம் கழுவின தண்ணீர், துணி அலசின தண்ணீர் என்று எது கிடைத்தாலும் கொண்டுபோய் ஊற்றினார். வெள்ளரிக்காரர்கள் முதலில் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "ஐயா, விதை போட்டிருக்கீங்களா? எப்ப குட்டிப் படகு முளைக்கும்?" என்று ஒருவர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். துடுப்புக்காரரும் சிரித்து வைத்தார். குடிக்கவே லாரியை நம்பியிருக்கிற ஊரில், ஒரு மனுஷன் காய்ந்த ஏரிக்குத் தண்ணீர் சுமந்துகொண்டு போனால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

சிரிக்க முடியாத இடம் ஒன்று இருந்தது. அது அவர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, தங்கை வீட்டு ஜன்னலோரக் கட்டில். வலைக்காரரை ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. படகு வெயிலில் கிடப்பதைத் துடுப்புக்காரர் பார்த்துவிட்டு வந்ததும், அவரை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அடுத்தடுத்த நாள். கட்டிலில் சாய்த்துப் போர்வையை இழுத்துவிட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "குழியில தண்ணி நிக்குதா மச்சான்?"

இல்லை என்று சொல்லத்தான் துடுப்புக்காரர் வாயைத் திறந்தார். எதிரே கன்னம் ஒட்டிப்போய், கண் மட்டும் பெரிதாக ஒரு முகம் பார்த்துக்கொண்டிருந்தது.

"நிக்குது மாப்ளே. இடுப்பளவு நிக்குது."

"நான்தான் தேவையில்லாம பயந்துட்டேன். நீ சொன்னதுதான் சரி."

வாழ்நாளில் முதல் தடவையாக அந்த மனிதர் இவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டார். துடுப்புக்காரர் எழுந்தார். கொல்லைப்பக்கம் போய் முகத்தைக் கழுவுகிற சாக்கில் நின்றுவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் அதே கேள்விதான். ஒரு பொய்யோடு நின்றிருந்தால் பரவாயில்லை. படுத்துக் கிடக்கிறவருக்குப் பொழுது போக வேண்டாமா? தண்ணீர் என்ன நிறம், பாசி பிடித்திருக்கிறதா, மீன் குஞ்சு தெரிகிறதா என்று தோண்டித் தோண்டிக் கேட்டார். துடுப்புக்காரரும் சளைக்காமல் கதை விட்டார். பாசி வந்தது, தவளை வந்தது, ஒரு நாள் கொக்கும் வந்தது. கொக்கு என்றதும் வலைக்காரரின் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த நாள் இரண்டு என்றார், அதற்கு அடுத்த நாள் நான்கு. சொல்லும்போது அடுக்களையில் பாத்திரம் உருளுகிற சத்தம் சட்டென்று நின்றது. விடைபெற்று வாசலுக்கு வந்தபோது தங்கை பின்னாலேயே வந்தாள். பகலெல்லாம் வெள்ளரிக் கொல்லையில் களை பறித்த கையில் மண் இன்னும் போகவில்லை.

"கொக்கு ரெண்டு போதும்ண்ணே. நாலு வேண்டாம். அவரு ராத்திரி முழுக்க அதையேதான் பேசிக்கிட்டிருக்காரு" என்றாள்.

துடுப்புக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். களை பறிக்கப் போகிறவள் குழியைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பது அப்போதுதான் அவர் புத்தியில் உறைத்தது. எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்கத் துணிச்சல் வரவில்லை. உள்ளே இருமல் கேட்டதும் போய்விட்டாள்.

மனைவியின் வாய்க்கும் ஒரு நாள் பூட்டு விழுந்தது. வலைக்காரரைப் பார்க்கக் கஞ்சி எடுத்துக்கொண்டு போனவள் திரும்பி வந்து வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் பேசாமல் உட்கார்ந்தால் வீட்டில் ஏதோ நின்றுபோன மாதிரி இருக்கும். "என்ன ஆச்சு?" என்றார் இவர். "ஒண்ணுமில்ல. படகைத் தூக்கினதும் முதல் மீன் எனக்குத்தான் தரப்போறாராம். உங்க தங்கச்சிக்குக்கூட இல்லையாம்" என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள். மறுநாள் லாரி வந்துபோன பிறகு இரண்டு குடம் தனியாக வாசல் ஓரம் வைக்கப்பட்டிருந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள்.

வெயில் கடைசியாக ஒரு காட்டுக் காட்டியது. காலையில் நனைத்த சாக்கு, சூரியன் உச்சிக்கு வருவதற்குள் அப்பளமாக மொறமொறத்தது. ஒரு நாள் போய்ப் பார்த்தால் முன்பக்கத்து அடிப்பலகையில், வலைக்காரர் நிற்கிற இடத்துக்கு நேர்கீழே, நீளமாக ஒரு பிளவு. விரல் நுழைந்தது. துடுப்புக்காரர் குனிந்து அதைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு குடத்தில் மிஞ்சிய தண்ணீரில் மண்ணைக் குழைத்துப் பிளவை அடைத்தார். அதனால் பிரயோஜனம் இல்லை என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். படகு போய்விட்டது என்று தனக்குள்கூடச் சொல்லிக்கொள்ளாமல் வீட்டுக்கு வந்தார். மறுநாளும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

பிறகுதான் மலையில் மழை என்ற செய்தி வந்தது. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, நாளைக்கோ மறுநாளோ ஏரியைத் தொட்டுவிடும் என்றார்கள். ஊரே கயிறும் மண்வெட்டியுமாக மடுவுக்குக் கிளம்பியது. அந்தக் கூச்சலும் சிரிப்பும் ஜன்னல் வழியாகக் கட்டிலுக்குப் போகாமல் இருக்குமா?

"நம்மளது எப்ப?" என்றார் வலைக்காரர். குரல் நூலாக இழைந்திருந்தது.

"நாளைக்குத் தூக்கிடலாம். ரெண்டு ஆள் சொல்லி வச்சிருக்கேன்."

"ஆளா? நாம முக்கினத எவன் வந்து தூக்கறது? என்னைக் கூட்டிட்டுப் போ. நான் ஒண்ணும் சேறு வாரப் போறதில்ல. ஓரமா உக்காந்து பாக்கறேன். நீ தப்பும் தவறுமா எதையாவது செய்வ, சொல்ல ஒரு ஆள் வேண்டாமா?"

"வெயில் தாங்காது மாப்ளே."

"கட்டில்ல கிடந்து என்னத்தத் தாங்கிட்டேன்?"

வாசலில் தங்கையிடம் துடுப்புக்காரர் மன்றாடினார். நீ சொன்னால் கேட்பார், வேண்டாம் என்று சொல் என்றார். "பாத்தா தாங்குவாரா? உடைஞ்சு போயிடுவாரும்மா."

"பாக்காமயே அவரு போயிட்டா, நீ தாங்குவியா அண்ணே?"

தங்கை அழவில்லை. அழுது முடித்த முகமாக இருந்தது. "எனக்கும் பொய் சொல்லிச் சொல்லி வாய் கசந்து போச்சு" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் துடுப்புக்காரர் இரண்டு குடத்தோடு போய்ச் சாக்குகளைச் சொட்டச் சொட்ட நனைத்தார். சந்துகளையும் பிளவையும் ஈரமண்ணால் மெழுகினார். தள்ளி நின்று பார்த்தால் கொஞ்சம் பளபளப்பாகக்கூட இருந்தது. குழியில் தண்ணீர் நேற்றுதான் வற்றியது என்று சொல்லிவிடலாம். நம்புவாரா? நம்பினாலும் நம்புவார். இந்த யோசனையோடு வீட்டுக்கு வந்தார்.

ஆனால் நோயாளியைக் கிளப்புவது நினைத்த நேரத்தில் நடக்கிற காரியமா? சட்டை மாட்டும்போது மூச்சு முட்டியது. படுக்க வைத்து, நெஞ்சைத் தடவி, மறுபடி உட்கார வைத்தார்கள். மீன் ஏற்றுகிற தள்ளுவண்டியில் மெத்தையை மடித்துப் போட்டு அவரைச் சாய்த்தபோது வெயில் ஏறிவிட்டிருந்தது. தங்கை ஒரு குடத்தில் குடிக்கத் தண்ணீர் நிரப்பி, தட்டால் மூடி, அவர் காலடியில் வைத்தாள். "மாத்திரைக்கு வாய் காஞ்சு காஞ்சு போகுது அவருக்கு. நிமிஷத்துக்கு ஒரு மடக்கு கேக்கறாரு" என்றாள்.

துடுப்புக்காரர் வண்டியைத் தள்ளினார். தங்கை பக்கத்தில் பிடித்துக்கொண்டு வந்தாள். வெடித்த மண்ணில் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் வலைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார், ஆனால் கண் நாலாபக்கமும் ஓடியது. "இந்த இடத்துலதான அன்னைக்கு வலை அறுந்துச்சு?" என்றார். "அறுந்துச்சா? நீ அறுத்த" என்றார் இவர், வண்டிக்குப் பின்னாலிருந்து. "நீ திருப்பின திருப்புல அறுந்துச்சு." தூரத்தில், மடுப்பக்கம் எறும்பு அளவில் ஆட்கள் படகுகளைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். தங்கை இரண்டு தடவை வண்டியை நிறுத்தச் சொல்லி ஒவ்வொரு மடக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

குழி நெருங்கியதும் துடுப்புக்காரர் நடையைக் குறைத்தார். விளிம்புக்குக் கொஞ்சம் முன்னாலேயே வண்டியை நிறுத்திவிட்டு, "நீங்க இருங்க, நான் போய் இறங்க வழி பாத்துட்டு வந்துடறேன்" என்று போய் எட்டிப் பார்த்தார். விடியற்காலையில் சொட்டிய சாக்கெல்லாம் வெளுத்துக் காய்ந்து கிடந்தது. மெழுகின மண் உதிர்ந்து, சந்தெல்லாம் பல்லைக் காட்டியது. ஈரத்தின் சுவடே இல்லை. இப்போது வந்து பார்த்தால் நேற்று வற்றிய குழி என்று எந்த மடையன் நம்புவான்? திரும்பி வந்தார். வலைக்காரர் கண்ணை மூடியிருந்தார், தங்கை திரும்பி நின்று மடுப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். துடுப்புக்காரர் காலடியில் இருந்த குடத்தைத் தூக்கினார். சரிவில் சறுக்கி இறங்கினார். சாக்குகளை உருவி எறிந்துவிட்டு, முன்னிருந்து பின்வரை, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் படகின்மேல் கவிழ்த்தார். கோடை முழுக்கப் பழகிய கை. அது யோசிக்கவே இல்லை.

அண்ணனும் தங்கையுமாக வலைக்காரரைத் தூக்கி இறக்கினார்கள். நனைந்த வலைகூட இதைவிடக் கனக்கும். "உள்ள உக்கார வைங்க" என்றார். முன்பக்கத்தில், அவர் இடத்தில், மெத்தையைப் போட்டு உட்கார வைத்தார்கள். தங்கை முதுகுக்குப் பின்னால் அணைத்துப் பிடித்துக்கொண்டாள். துடுப்புக்காரர் பின்னால் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார், வேறு எங்கே உட்காருவது என்று தெரியாமல்.

வலைக்காரர் மெதுவாகத் தலையைத் திருப்பிப் பார்த்தார். குழியின் சுவரைப் பார்த்தார், வெள்ளை மணலைப் பார்த்தார், குவிந்து கிடந்த சாக்குகளைப் பார்த்தார். பிறகு கையைக் கீழே கொண்டுபோய்ப் பலகையைத் தடவினார். பிளவில் விரல் போயிற்று. அடைத்ததில் மிஞ்சியிருந்த மண் ஈரமாக விரலோடு வந்தது.

"கொக்கெல்லாம் எங்க மச்சான்?"

துடுப்புக்காரர் குனிந்து பலகையில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டினார்.

"எத்தனை நாளா இந்த நாடகம்?"

"நீ ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள்லேருந்து."

வலைக்காரருக்குச் சிரிப்பு வந்தது, அது இருமலாக மாறிற்று. தங்கை நெஞ்சைத் தடவினாள். அடங்கியதும் முகத்தில் சிரிப்பு இல்லை. "என்னை முட்டாளாக்கிட்டல்ல" என்றார். "படுத்துக்கிட்டே படகை ஓட்டிக்கிட்டிருந்தேன்டா நான். தினமும். ஒரு தடவையாவது சொல்லணும்னு தோணலையா உனக்கு? அன்னைக்கே சொன்னேன் மடுவுக்குப் போகலாம்னு."

"சேத்துல அவ்வளவு தூரம் உன்னால நடக்க முடியாதுன்னுதான் இங்க போட்டேன்" என்றார் துடுப்புக்காரர். கோடை முழுக்க உள்ளே கிடந்தது, அவரை மீறி வெளியே வந்துவிட்டது. "பலகை உடைஞ்சதைச் சொன்னதெல்லாம் சும்மா பேச்சுக்கு."

ஏரியின் அந்தப் பக்கத்திலிருந்து யாரோ ஓ என்று குரல் கொடுத்தார்கள், ஒரு படகு மேலே வந்துவிட்டது போலிருக்கிறது.

"சொல்லியிருந்தா நடந்திருப்பேனே மச்சான்" என்றார் வலைக்காரர். கோபம் போய்விட்டிருந்தது, அதற்குப் பதில் என்ன வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. "உன் தோளைப் பிடிச்சுக்கிட்டு நடந்திருப்பேன்."

துடுப்புக்காரர் அழுதார். அறுபதைத் தொட்ட மனிதர், தங்கை பார்க்கிறாளே என்ற கூச்சம்கூட இல்லாமல் தேம்பித் தேம்பி அழுதார். வலைக்காரர் கண்ணை மூடித் தங்கையின் தோளில் சாய்ந்துகொண்டார். உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது. நாக்கால் தடவினார், நாக்கிலும் ஈரமில்லை.

"தண்ணி குடு" என்றார்.

தங்கை எட்டிக் குடத்தை எடுத்தாள். எடுத்த வேகத்திலேயே கை மேலே போயிற்று. காலிக் குடம் அப்படித்தான் வரும். கவிழ்த்துப் பார்த்தாள். பிறகு தன் சேலை ஓரம் நனைந்திருப்பதையும், பலகையின்மேல் இன்னும் ஓடிக்கொண்டிருந்த ஈரத்தையும் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள்.

துடுப்புக்காரர் குடத்தைப் பிடுங்கிக்கொண்டு சரிவில் ஏறினார். மணல் வழுக்கி முழங்கால் சிராய்த்தது. ஓடினார். கரைக்கு ஒரு நடைதான் என்று கணக்குப் போட்ட தூரம், ஓடினால் முடியவே மாட்டேன் என்றது. வெள்ளரிக்காரர்கள் அறுவடையை முடித்துக்கொண்டு போய்விட்டார்கள், காய்ந்த கொடிதான் கால்களில் சுற்றியது. கேட்க ஒரு ஆள் இல்லை. காய்ந்த ஏரியில் ஒரு மனிதர் தண்ணீர் தண்ணீர் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஓடினார்.

வாசலில் மனைவி நின்றிருந்தாள். குடத்தைப் பார்த்ததும் அவள் வாய் திறந்தது, அவர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டது. "யாருக்கு?" என்றாள் மெதுவாக.

"மாப்ளைக்கு."

வீட்டில் இருந்த குடிதண்ணீர் முழுவதையும், டம்ளரில் ஊற்றி வைத்திருந்ததுவரை, அவள் குடத்தில் கவிழ்த்தாள். குடம் நிறையவில்லை, கழுத்துக்குக் கீழே நின்றது. அவர் அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஓடினார். ஓடினால் சிந்தியது. நடந்தால் நேரமாகியது. கரைமேல் ஏறினதும் குழி இருக்கிற இடத்தைத் தேடினார். தள்ளுவண்டியின் கைப்பிடி தெரிந்தது. அதற்குப் பக்கத்தில், குழிக்கு வெளியே, தங்கை நின்றிருந்தாள். கையை ஆட்டவில்லை, கூப்பிடவும் இல்லை. இரண்டு கையும் தொங்க, மலைப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவரைத் தனியாக விட்டுவிட்டு இவள் எதற்கு மேலே வந்தாள் என்று துடுப்புக்காரர் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. குடத்தைத் தோளிலிருந்து இறக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். ஒரு உள்ளங்கையால் அதன் வாயை மூடிக்கொண்டு, இனி ஒரு சொட்டும் சிந்தக்கூடாது என்று, ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைத்து ஏரிக்குள் இறங்கினார்.